தீக்கோழியை விட்டுட்டீங்களே, ஸ்காட் சார்!

'கிளாடியேட்டர் 2' வெளியான 2024 நவம்பரில் ரிட்லி ஸ்காட்டுக்கு வயது 86. அந்த வயதில் நம் வீட்டுப் பெரியவர்கள் ஈசிசேரில் சாய்ந்துகொண்டு அரசாங்கத்தைத் திட்டுவார்கள். இவரோ கொலோசியம் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, அதில் கப்பலை விட்டு, கப்பலிலிருந்து விழுகிறவனைக் கவ்வுவதற்குச் சுறாமீன்களையும் விட்டிருந்தார்.

தண்ணீர் விஷயத்தில் உண்மை உண்டு. கி.பி. 80-ல் கொலோசியத்தைத் திறந்துவைத்த டைட்டஸ் சக்கரவர்த்தி, அதற்குள் தண்ணீர் விட்டு வேடிக்கை காட்டினார் என்று பழைய ஏடு சொல்கிறது. சுறா மட்டும் இயக்குநர் உபயம். கேட்டால், அவ்வளவு பெரிய கட்டடத்தையே கட்டியவனுக்கு வலை வீசி ரெண்டு சுறா பிடிக்கத் தெரியாதா என்கிற பாணியில் பேட்டி கொடுத்தார். நியாயமான கேள்விதான். பிடித்த சுறாவை ரோம் வரைக்கும் மாட்டுவண்டியில் எப்படி உயிரோடு கொண்டுவருவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பொய் சொன்னதற்காக நான் அவரைக் கோபிக்கவில்லை. சினிமாக்காரர் பொய் சொல்லாமல் வேறு யார் சொல்வது? உண்மையிலேயே நடந்த கூத்தையெல்லாம் எடிட்டிங் மேஜைக்குக்கூடக் கொண்டுவராமல், அதைவிடச் சுமாரான பொய்யைச் சொல்லி டிக்கெட் விற்கிறாரே, அதுதான் வயிற்றெரிச்சல்.

2000-ல் வந்த முதல் பாகத்திலிருந்தே இந்தக் கதைதான். அதில் மார்க்கஸ் ஆரீலியஸ் என்ற ஞானி ராஜா, "எனக்குப் பிறகு மகன் வேண்டாம், தளபதி மாக்சிமஸ் பார்த்துக்கொள்ளட்டும், மக்களாட்சி மலரட்டும்" என்கிறார். மகன் கமோடஸ் அப்பாவைக் கட்டிப்பிடித்தே மூச்சடைக்க வைத்துவிடுகிறான். தியேட்டரே கண்ணீர் விட்டது. நிஜத்தில் ஞானி ராஜா கி.பி. 180-ல் போர்முனையில் நோய் வந்து போய்ச் சேர்ந்தார். மக்களாட்சியைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. அதற்கு மூன்று வருஷம் முன்பே, பையனைக் கூடச் சேர்ந்து ஆளும் சக்கரவர்த்தியாக உட்கார வைத்தாயிற்று. தத்துவம் எழுதுகிற அப்பாவுக்கும் புத்திரபாசம் என்று வந்துவிட்டால் தத்துவமாவது ஒன்றாவது! வாரிசு அரசியல் நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று யாராவது குறைபட்டுக்கொண்டால் இதைச் சொல்லுங்கள்.

இனி கமோடஸ். படத்தில் வாக்கீன் ஃபீனிக்ஸ் உதட்டைச் சுழித்து, தூக்கம் வராமல் தவிக்கிற சோக வில்லனாக வந்தார். அசல் கமோடஸுக்குச் சோகமெல்லாம் கிடையாது. தான் ஹெர்குலிஸின் மறுபிறவி என்று நம்பினான். சிங்கத்தோலும் கதாயுதமுமாகத் திரிந்தான். கொலோசியத்துக்குப் பக்கத்தில் நின்ற ராட்சதச் சிலையின் தலையைக் கழற்றிவிட்டுத் தன் தலையைப் பொருத்தினான். ரோமாபுரிக்கே தன் பெயரைச் சூட்டினான். அதுவும் போதாமல், பன்னிரண்டு மாதங்களுக்கும் தன்னுடைய பட்டப்பெயர்களையே வைத்தான். வாடகை கொடுக்க வேண்டியது எந்த மாதம் என்று தெரியாமல் ரோமானியர்கள் எப்படிச் சமாளித்தார்களோ!

களத்தில் இறங்கிச் சண்டையும் போட்டான். ஒரு நாள் சண்டைக்குச் சம்பளம் பத்து லட்சம் செஸ்டர்ஸ், அதாவது ரோமானியக் காசு. கொடுப்பது ஊர்ப்பணம், வாங்குவது இவன். எதிரியாக வருகிறவனுக்குத் தோற்பதற்குத்தான் அனுமதி. ஒரு நாள் நூறு கரடிகளைக் கொன்றான், மேலே பத்திரமாக நின்றுகொண்டு.

இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதிவைத்தவர் காஸியஸ் டியோ என்ற செனட்டர். செனட்டர்கள் கட்டாயம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கோஷம் போட வேண்டும் என்பது விதி. ஒரு நாள் கமோடஸ் ஒரு தீக்கோழியின் தலையைச் சீவினான். இடது கையில் கோழித்தலை, வலது கையில் ரத்தம் சொட்டும் வாள். நேராக செனட்டர்களிடம் வந்து நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. இளித்தபடி தலையை மட்டும் ஆட்டினான். 'அடுத்தது நீங்கதான்' என்று அர்த்தம். இவர்களுக்குப் பயம் வந்ததா? சிரிப்பு வந்துவிட்டது! சிரித்தால் அந்த இடத்திலேயே காலி. டியோ தன் தலையில் சூடியிருந்த மாலையிலிருந்து இலையைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார், பக்கத்திலிருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். ரோமாபுரியின் மூத்த தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்து வெள்ளாடு மாதிரி தழை மென்று உயிர் பிழைத்தார்கள்.

இந்தக் காட்சியைப் படத்தில் காணோம். முதல் பாகத்திலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. சுறா இருக்கிறது, குரங்குக் கூட்டம் இருக்கிறது, காண்டாமிருகத்தின் மேல் சவாரி இருக்கிறது. தீக்கோழி எங்கே சார்?

எல்லாமே சிரிப்பு என்றும் சொல்வதற்கில்லை. கால் இழந்த ஏழைகளைப் பிடித்துவந்து, அவர்கள் முழங்காலில் பாம்பு உருவங்களைக் கட்டி, எறிவதற்குக் கல்லுக்குப் பதில் கடற்பஞ்சைக் கொடுத்து, 'அரக்கர்களை வதம் செய்கிறேன்' என்று கதாயுதத்தால் அடித்தே கொன்றிருக்கிறான். கோமாளியின் கையில் அதிகாரம் போனால் கோமாளித்தனத்தோடு நின்றுவிடுவதில்லை.

அவனைக் கொல்ல முதலில் சதி செய்தவள் கூடப்பிறந்த அக்கா லூசில்லா. ஏவப்பட்ட ஆசாமி வாளோடு அரங்க வாசலில் ஒளிந்திருந்தான். கமோடஸ் வந்ததும் குத்த வேண்டியதுதானே? வாளை உயர்த்திக் காட்டி, இது செனட் உனக்கு அனுப்பியது என்று பஞ்ச் டயலாக் பேசினான். அவன் பேசி முடிப்பதற்குள் காவலர்கள் அமுக்கிவிட்டார்கள். வில்லன்கள் கிளைமாக்ஸில் பேசிப் பேசியே கெடுவது கோடம்பாக்கத்தில் பிறந்த வழக்கம் என்று நினைத்திருந்தேன். லூசில்லாவைத் தீவுக்கு நாடு கடத்திக் கொன்றார்கள். அந்த அம்மாள்தான் இரண்டாம் பாகத்தில் பளபளவென்று வந்து மகனைத் தேடுகிறார்.

கடைசியில் 192 டிசம்பர் 31-ல் கமோடஸின் கதை முடிந்தது, கொலோசியத்தில் அல்ல, குளியலறையில். யார் யாரைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று அவன் எழுதிவைத்திருந்த பலகையை ஒரு பொடியன் விளையாட்டாகத் தூக்கிக்கொண்டு போக, அது ஆசைநாயகி மார்சியாவின் கையில் சிக்கியது. பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. விஷம் கொடுத்தாள். அவன் வாந்தியெடுத்துப் பிழைத்துக்கொள்வான் போலிருந்தது. நார்சிஸஸ் என்ற மல்யுத்தக்காரனைக் கூப்பிட்டுக் கழுத்தை நெரிக்க வைத்தார்கள். படத்தில் மாக்சிமஸாக வந்து கமோடஸைக் கொன்ற ரஸ்ஸல் குரோவுக்கு ஆஸ்கர் வாங்கித்தந்த அந்த வேலையைச் செய்தவன் இந்தப் பயில்வான்தான். அதே வருஷம் ரோமில் பெருந்தீ ஒன்று பிடித்தது. முன்பு ஆண்ட டொமிஷியன் சக்கரவர்த்தி கட்டிய மிளகுக் கிடங்கும் அதில் போயிற்று. சேரநாட்டு மிளகு வெந்த நெடியில் ஊரே தும்மியிருக்கும்.

கமோடஸுக்கு அடுத்து வருவதுதான் அசல் காமெடி டிராக். பெர்ட்டினாக்ஸ் என்ற கிழவரை அரியணையில் ஏற்றினார்கள். சிப்பாய்களைக் கட்டுப்பாடாக இருக்கச் சொன்னார் பாவம். 87-ஆவது நாள் அவர்களே அவரைக் கொன்றுவிட்டு, சாம்ராஜ்யத்தை ஏலம் விட்டார்கள். சத்தியமாக ஏலம்தான்! சிப்பாய்களின் கோட்டைக்கு உள்ளே நின்று கேட்டவர், செத்துப்போனவரின் மாமனார். சிப்பாய்களைச் சமாதானப்படுத்தப் போனவர், போன இடத்தில் மாப்பிள்ளையின் நாற்காலிக்கே விலை பேசினார். வாசலில் நின்று கேட்டவர் டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்காரர். மாமனார், சிப்பாய் ஒருவருக்கு இருபதாயிரம் செஸ்டர்ஸ் வரை ஏறினார். ஜூலியானஸ் விரலைக் காட்டிக் கத்தி, ஒரே தாவாக 25,000 என்றார். முடிந்தது ஏலம். வாங்கிய சாமான் 66 நாள் ஓடியது. பிறகு அவர் தலையும் போயிற்று.

இப்படியொரு காட்சி கையில் இருக்கும்போது எவனாவது சுறாவைத் தேடிப் போவானா?

'கிளாடியேட்டர் 2' இடைவேளையில், ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குப் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு திரும்பினால், பக்கத்து சீட்டுப் பையன் கேட்டான்: "சார், இந்த ரெட்டை ராஜாக்கள் நெஜமாவே இருந்தாங்களா?"

"இருந்தாங்க தம்பி. ஆனா ரெட்டை இல்ல, அண்ணன் தம்பி. படம் நடக்கிற 200-ஆம் வருஷத்துல அண்ணன் கராகல்லாவுக்குப் பன்னெண்டு வயசு, தம்பி கேட்டாவுக்குப் பதினொண்ணு."

"அப்போ நாட்டை ஆண்டது?"

"அவங்க அப்பா செப்டிமியஸ் செவெரஸ். நல்லா உயிரோட இருந்தார். படத்துலதான் அவருக்குச் சான்ஸ் கிடைக்கல."

பையன் பாப்கார்னுக்குத் திரும்பிவிட்டான்.

அப்பா 211-ல் கண்ணை மூடியதும் பிள்ளைகள் அரண்மனையையே இரண்டாகத் தடுத்துக்கொண்டார்கள். சாம்ராஜ்யத்தையும் பாதியாக வெட்டலாம் என்று பேச்சு வந்தபோது, "என்னை எப்படியடா பங்கு போடுவீர்கள்?" என்ற அர்த்தத்தில் அம்மா ஜூலியா டோம்னா கேட்டாளாம். சமாதானப் பேச்சு என்று அழைத்து, அந்த அம்மாவின் மடியிலேயே தம்பியை வெட்டவைத்தான் கராகல்லா. ஆறு வருஷம் கழித்து, 217-ல், மெசபடோமியாவில் வழியில் குதிரையை நிறுத்தி ஒதுங்கப் போனான். பதவி உயர்வு கிடைக்காத கடுப்பில் இருந்த மார்ஷியாலிஸ் என்ற வீரன் அங்கேயே கத்தியைச் செருகினான். உலகத்தில் பாதியை ஆண்டவனின் முடிவு சாலையோரத்தில், அதுவும் வேலை பாதியில் இருக்கும்போது. படத்தில் காதில் ஊசி குத்திக் கொல்கிறார்கள். மரியாதைக்காக மாற்றியிருப்பார்கள் போல.

பின்னாலிருந்து அந்தக் கொலையை ஏவிய மாக்ரினஸ்தான் படத்தில் டென்சல் வாஷிங்டன். அங்கியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் நடக்கிற நடைக்கே டிக்கெட் காசு சரியாகிவிடுகிறது. அசல் மாக்ரினஸ் பதினான்கு மாதம் ஆண்டார். பதினான்கு வயதுப் பையன் ஒருவனின் படையிடம் தோற்றார். தாடியை மழித்துக்கொண்டு தபால்காரர் வேஷத்தில் ஓடினார், பிடிபட்டார். அதைப் படமாக்கியிருந்தால் டென்சலுக்கு இன்னொரு ஆஸ்கரே கிடைத்திருக்கும்.

ஸ்காட்டின் இன்னொரு படமான 'நெப்போலியன்' 2023-ல் வந்தபோதும் இதே பல்லவிதான். மறுபடியும் வாக்கீன் ஃபீனிக்ஸ், மறுபடியும் அதே உம்மென்ற முகம். பிரமிட் உச்சியைப் பீரங்கியால் உடைக்கிறார். நடக்காத விஷயம். ஆனால் நெப்போலியனின் தளபதி தியேபோ தன் நினைவுக்குறிப்பில் ஒரு கதை சொல்கிறார். சக்கரவர்த்தியின் வேட்டைக்காகக் காட்டு முயலுக்குப் பதில் வீட்டில் வளர்த்த முயல்களை வாங்கிவிட்டார்களாம். திறந்துவிட்டதும் அவை, தீனி போடுகிற ஆள் வந்துவிட்டார் என்று நெப்போலியன் மேலேயே பாய, ஐரோப்பாவை நடுங்க வைத்தவர் வண்டியில் ஏறி ஓடினாராம். அந்த முயல்களையும் காணோம்.

என் தீர்ப்பு இது: ரோமானியச் சக்கரவர்த்திகளைச் சரியாகப் புரிந்துகொண்டு எடுத்த ஒரே படம் 2006-ல் வந்த சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. அடுத்தவன் உடம்பில் தன் தலையை வரையச் சொல்லும் வடிவேலுவுக்கும், ராட்சதச் சிலையில் தன் தலையைப் பொருத்திய கமோடஸுக்கும் என்ன வித்தியாசம்? மீசைதான். 'கிளாடியேட்டர் 2' பாருங்கள், டென்சலுக்காகப் பாருங்கள். ஆனால் ரோமாபுரி வரலாறு வேண்டுமென்றால் சிம்புதேவன் படத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.