தாடைக்கு ஓவர்டைம்

நம் வீடுகளில் பல்லுக்குத் தின்கிற வேலை குறைவு, எடுபிடி வேலைதான் அதிகம். ஊறுகாய்ப் பாக்கெட்டின் மூலையைக் கிழிக்கப் பல், தைத்த நூலை அறுக்கப் பல், சோடா மூடியை நெம்பப் பல். யோசனை வராவிட்டால் பேனா மூடிக்கும் அதே பல்தான்.

இது பகல் ஷிப்ட் மட்டுமே. மேனேஜர் மெயிலைத் திறந்ததும் தாடை தானாக இறுகுகிறது. வாய் சும்மா இருக்கையில் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டுமாம். நம்மில் பலருக்கு அந்த இடைவெளி யாரையாவது திட்டும்போதுதான் கிடைக்கிறது. ராத்திரி ஷிப்டில் நறநறவென்று அரைவை. பக்கத்தில் படுத்தவருக்கும் தூக்கம் போச்சு.

விடிந்தால் காதுக்கு முன்னால் வலி, கன்னப்பொட்டில் குடைச்சல், கொட்டாவி விட்டால் ‘டக்’கென்று ஒரு சத்தம். காது டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “காது நல்லாத்தான் இருக்கு, தாடை மூட்டைக் காட்டுங்க” என்று பல் டாக்டரிடம் அனுப்புகிறார். அவரோ, “கொஞ்ச நாளைக்குக் கெட்டியா எதையும் கடிக்காதீங்க, சூயிங்கம்மும் வேண்டாம்” என்கிறார். பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வீடு வந்தாயிற்று.

“அப்ப இந்த வாரம் தட்டை சுட வேணாமாங்க?”

“டாக்டர் சொன்னதுக்கும் தட்டைக்கும் என்னம்மா சம்பந்தம்?”