பூனைக்குச் சர்க்கரை: கேள்வி – பதில்

சர்க்கரை நோய் கண்ட பூனையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றி ஒட்டன்சத்திரம், பழநி, கொடைக்கானல் பக்கத்து வாசகர்கள் கேட்டவை இவை.

பூனைக்குக்கூடச் சர்க்கரை வருமாங்க? டாக்டர் சொல்லியும் நம்ப முடியவில்லை.
(இல்லத்தரசி, ஒட்டன்சத்திரம்)

வரும், அம்மா. பெரும்பாலான பூனைகளுக்கு வருவது நம்மவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரையைப் போன்றதுதான். கணையம் சுரக்கும் இன்சுலின் போதாது. சுரந்ததையும் உடம்பு சரியாக ஏற்காது. ஏழெட்டு வயது தாண்டி, எடை கூடி, கருத்தடை செய்துகொண்டு, வீட்டுக்குள்ளேயே கிடக்கும் ஆண் பூனைக்கு வாய்ப்பு அதிகம். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா, தண்ணீர்ச் சட்டி சீக்கிரம் காலியாகிறதா, மண் தட்டு முன்பைவிட அதிகம் நனைகிறதா என்று பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது சாதாரணத் தாகம் இல்லை. நான்கு கிலோ பூனைக்கு 400 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில பூனைகள் பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும். சர்க்கரையால் நரம்பு பாதித்ததன் அடையாளம் அது. சர்க்கரை கட்டுப்பட்டால் பெரும்பாலும் நடை மெல்லத் திரும்பிவிடும்.

மருத்துவமனையில் எடுத்தபோது 290 இருந்தது. ஒரே சோதனையில் முடிவு கட்டலாமா?
(கல்லூரி மாணவர், பழநி)

கட்டக் கூடாது. கூடையில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் உட்கார வைத்தால் நோயில்லாத பூனைக்கும் பயத்திலேயே 300 வரை ஏறும். சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ஃப்ரக்டோசமைன் என்ற இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். அது கடந்த இரண்டு மூன்று வாரங்களின் சராசரியைச் சொல்லும். அன்றைய பயம் அதில் தெரியாது.

பத்து வயதுப் பூனை. ஊசி போட்டு வதைப்பதைவிட நிம்மதியாக அனுப்பிவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள்.
(வாசகி, கள்ளிமந்தையம்)

அனுப்ப வேண்டாம். சர்க்கரை கண்ட பூனை சரியான கவனிப்பில் பல ஆண்டுகள் நன்றாக வாழ்கிறது. இன்சுலின் ஊசி முடியைப் போல மெல்லியது. தட்டில் மூக்கை விட்டுச் சாப்பிடும் பூனை பல நேரம் தலைகூடத் திரும்பாது. வதை என்றால் வைத்தியம் செய்யாமல் தாகத்தோடும் பசியோடும் இளைக்க விடுவதுதான்.

மாமியாருக்குத் தினமும் இன்சுலின் போடுகிறேன். அதே மருந்தைப் பூனைக்கும் போட்டால் என்ன? சிரிஞ்சும் வீட்டில் இருக்கிறது.
(ஆசிரியை, ஒட்டன்சத்திரம்)

ஊசி போடும் கை பழகியிருப்பது உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் மாமியாரின் மருந்தைத் தொடாதீர்கள். நம் வீடுகளில் அதிகம் காண்பது 30/70 கலவை இன்சுலின். பூனை உடம்பில் அது சட்டென்று இறக்கி, சீக்கிரம் தீர்ந்துபோகும்; மிச்ச நேரம் சர்க்கரை மேலேயே நிற்கும். பூனைக்குப் பெரிதும் பொருந்துவது நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின். மனிதருக்கான கிளார்ஜினையே டாக்டர்கள் பூனைக்கும் எழுதுகிறார்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் சீட்டுக் காட்டினால் கிடைக்கும். இன்சுலினின் 51 அமினோ அமிலங்களில் பூனைக்கும் மனிதருக்கும் நான்கு இடங்களில்தான் வேறுபாடு. மாட்டோடு ஒப்பிட்டால் ஒரே இடம். 1921இல் டொரொன்டோவில் நாய்களிடம் சோதித்து, 1922 ஜனவரியில் முதல் முறையாக ஒரு சிறுவனுக்குப் போட்ட மருந்து, இன்று நம் வீட்டுப் பூனைக்கும் வேலை செய்வது இந்த நெருக்கத்தால்தான்.

அடுத்ததை இரண்டு முறை படியுங்கள். இந்தியாவில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் உண்டு. சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கானது. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கானது. மாமியாரின் குப்பி அநேகமாக 40, கிளார்ஜின் 100. கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 2 யூனிட் அல்ல, 5 யூனிட். மனிதருக்கு இது தாங்கும் பிழை. நான்கு கிலோ பூனைக்கு உயிர் போகும் பிழை. பூனையின் மருந்து, சிரிஞ்ச் இரண்டையும் தனி டப்பாவில் போட்டு, மேலே பூனை என்று பெரிதாக எழுதி வையுங்கள். ஆரம்ப அளவு பெரும்பாலும் ஒரு யூனிட்டை ஒட்டித்தான், நாளைக்கு இருமுறை. உங்கள் பூனைக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஊசியை எங்கே, எப்படிப் போடுவது? கை நடுங்குகிறது.
(வாசகர், விருப்பாச்சி)

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. விலாப் பக்கத்துத் தோலை இரு விரலால் தூக்கினால் கூடாரம்போல நிற்கும். அதன் அடிவாரத்தில் ஊசியை நுழைத்து மெதுவாக அழுத்துங்கள். தினமும் ஒரே இடத்தில் குத்தாமல் வலம் இடமாக மாற்றுங்கள். பூனை துள்ளி, மருந்து பாதி உள்ளே, பாதி முடியில் என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை குறைந்தால் சர்க்கரை ஏறும். அடுத்த வேளையில் சரியாகும். ஒரு வேளை இரண்டு முறை போனால் சரிசெய்ய நேரம் இருக்காது.

எங்கள் பூனைக்குப் பிறந்ததிலிருந்து பால்சோறும் தயிர்சோறும்தான். இனி என்ன போடுவது?
(இல்லத்தரசி, அம்பிளிக்கை)

சோற்றை நிறுத்த வேண்டும். பூனை இறைச்சியில் வாழப் பிறந்த பிராணி. மாவுச்சத்து அதற்கு அவசியமே இல்லை. நாம் அன்போடு பிசைந்து வைக்கும் சோறு, இந்த நோய் வந்த பூனைக்கு ஒவ்வொரு வேளையும் இன்சுலினோடு மல்லுக்கு நிற்கிறது. பாலிலும் சர்க்கரை உண்டு. பெரிய பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதும் இல்லை.

கடையில் வாங்கும் உலர் கேட் ஃபுட்டும் விடை இல்லை. பாக்கெட்டில் புரதம், கொழுப்பு, நார், ஈரம் எல்லாம் அச்சடித்திருக்கும், மாவுச்சத்தை மட்டும் பெரும்பாலும் போட மாட்டார்கள். நீங்களே கணக்குப் போடலாம்: புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல்சத்து 8 என்றால் கூட்டுத்தொகை 64. நூறுக்கு மிச்சம் 36, அதுதான் மாவு. ஈரமான பவுச் உணவுகளில் இது பெரும்பாலும் குறைவு. அதிலும் கொழகொழவென்று கிரேவி உள்ளதைத் தவிர்த்து, அரைத்த கறி வகையைப் பாருங்கள்.

வீட்டில் சமைப்பதானால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, முள் நீக்கிய மீன். கட்லா, ஜிலேபி கெண்டை எதுவானாலும் சரி, பச்சையாக வேண்டாம். வெறும் கறியை மட்டுமே மாதக் கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் டாரின் என்ற சத்தும் குறையும். அவற்றைச் சேர்க்க டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு சாப்பாட்டைத் திடீரென்று மாற்றாதீர்கள். மாவு குறைந்ததும் இன்சுலின் தேவையும் குறையும், பழைய அளவே அதிகமாகிவிடும். எடை குறைய வேண்டும் என்று பட்டினியும் போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் போதும். ஆறு கிலோ பூனைக்கு அது 60 கிராம்.

மீன் குழம்பில் இருக்கும் துண்டை அலசிக் கொடுக்கலாமா?
(வாசகி, இடையகோட்டை)

வேண்டாம். நம் பக்கத்துக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக விழும். இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும் விஷம். வெந்தாலும் விஷம்தான், அலசினாலும் சாறு மீனுக்குள் இருக்கும். துண்டை முதலிலேயே தனியாக வேகவையுங்கள்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம், சிறுகுறிஞ்சான் பொடி? இல்லையென்றால் என் மெட்ஃபார்மினில் கால் மாத்திரை?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், பழநி)

நான்கும் வேண்டாம், ஐயா. மெட்ஃபார்மின் பூனைக்குப் பலன் தராது. வாந்தியும் பசியின்மையும்தான் தரும். மூலிகைகளை நம்பி இன்சுலினைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் கணையத்தில் மிச்சமிருக்கும் சக்தி கரைகிறது. பூனைக்கென்றே வாய்வழி மருந்துகள் வந்திருப்பது உண்மை. அமெரிக்காவில் பெக்ஸாகிளிஃப்ளோசின் 2022 டிசம்பரிலும் வெலாகிளிஃப்ளோசின் 2023 ஆகஸ்டிலும் அனுமதி பெற்றன. அவையும் எல்லாப் பூனைக்கும் ஆகாது, ஏற்கனவே இன்சுலின் போட்ட பூனைக்குக் கூடாது. அதே குடும்பத்து மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இன்றே கைவிடுங்கள்.

சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டால்? வீட்டில் எப்போதும் பஞ்சாமிர்தம் இருக்கும்.
(வாசகர், பழநி அடிவாரம்)

பஞ்சாமிர்தம் வேண்டாம். கெட்டியாக இருக்கும், தடுமாறும் பூனைக்குத் தொண்டையில் அடைக்கும். தேனோ, தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ் பொடியோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பூனை தள்ளாடுகிறதா, நடுங்குகிறதா, வெறித்துப் பார்க்கிறதா, வலிப்பு வருகிறதா? விரலில் கொஞ்சம் தேனைத் தொட்டு ஈறில் தேயுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கும். வலிப்பு இருந்தால் விரல் பல்லுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளிந்ததும் சாப்பாடு கொடுத்து, அப்படியே டாக்டரிடம் போங்கள். தேனின் பலன் கொஞ்ச நேரம்தான், இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அளவுமானியில் 60க்குக் கீழே காட்டினால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

அளவுமானியா? வீட்டிலேயே இரத்தம் எடுக்க முடியுமா?
(மருந்துக்கடை ஊழியர், ஒட்டன்சத்திரம்)

முடியும், எடுக்க வேண்டும். காது மடலின் விளிம்பில் ஒரு மெல்லிய இரத்தக் குழாய் ஓடும். வெதுவெதுப்பான துணியால் காதை ஒரு நிமிடம் ஒற்றி, விளிம்பில் குத்தினால் ஒரு சொட்டு வரும். குளுக்கோமீட்டருக்கு அது போதும். உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். இரண்டாம் வாரத்தில் மீட்டரைப் பார்த்ததும் தானாகவே வந்து உட்காரும் பூனைகள் உண்டு. மனித மீட்டர் பூனை இரத்தத்தில் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். எனவே எந்த மீட்டரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று டாக்டருக்குச் சொல்லி, அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். ஊசிக்கு முன்னால் ஒரு முறையும், ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழித்து ஒரு முறையும் எடுத்துக் குறித்து வைத்தால், டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஊசிக்கு முன் 150க்குக் கீழே இருந்தால் போடாமல் அவரைக் கேளுங்கள்.

எனக்குக் காய்கறி மண்டி வேலை. கேரளாவுக்கு லோடு ஏறும் நாட்களில் வீடு திரும்பும் நேரம் சொல்ல முடியாது. 12 மணி நேர இடைவெளியை எப்படிக் காப்பது?
(மண்டிக் கணக்கர், ஒட்டன்சத்திரம்)

அரை மணி, ஒரு மணி நேரம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை. நான்கைந்து மணி நேரம் தாமதமானால் அந்த வேளையை விட்டுவிட்டு, அடுத்த வேளையைச் சரியான நேரத்தில் போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுங்கள். போட்டவர் உடனே காலண்டர் தாளில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இருவரும் தெரியாமல் போடும் விபத்து அதனால் நின்றுவிடும். பூனை சாப்பிடவில்லை என்றால் வழக்கமான அளவைப் போடாமல் டாக்டரிடம் பேசுங்கள். சாப்பாட்டை மறுத்து, வாந்தி எடுத்து, சுருண்டு படுத்தால் உடம்பில் கீட்டோன் என்ற அமிலம் ஏறியிருக்கலாம். அன்று மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் ஊரில் மருந்தை ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையே இல்லை, அல்லவா?
(வாசகி, கொடைக்கானல்)

குளிர் இருக்கிறது என்று வெளியே வைக்காதீர்கள். மார்கழி, தையில் உங்கள் ஊரில் உறைபனி விழும்; ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, கொட்டிவிட வேண்டும். ஃபிரிட்ஜின் கதவுத் தட்டுதான் சரியான இடம், ஃப்ரீசரை ஒட்டி வைக்கக் கூடாது. 2 முதல் 8 டிகிரி இருந்தால் நல்லது. கீழே சமவெளியில் சித்திரை வெயிலில் நீண்ட மின்வெட்டு வந்தால், ஈர மணல் பரப்பிய மண்சட்டியின் நடுவே மூடிய டப்பாவில் வைக்கலாம். கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் புதுக்குப்பி. குலுக்கவே கூடாது.

தோல் அரிப்புக்கு ஒரு ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்கரை வந்தது. தொடர்பு உண்டா?
(வாசகர், திண்டுக்கல்)

இருக்கலாம். அரிப்புக்குப் போடும் ஸ்டீராய்டு, குறிப்பாக வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் வகை, பூனைக்குச் சர்க்கரையைக் கிளப்பிவிடும். அந்த மருந்துச் சீட்டை இப்போதைய டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு நின்ற பிறகு சர்க்கரையும் விலகிய பூனைகள் உண்டு.

பயன்படுத்திய ஊசிகளை என்ன செய்வது?
(அதே வாசகர்)

குப்பையில் போடாதீர்கள். தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடி, மருத்துவமனையில் ஒப்படையுங்கள். நம் தெருக் குப்பையைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர்.

பக்கத்தில் பெரிய மருத்துவமனை எங்கே?
(வாசகி, பாச்சலூர்)

முதலில் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். இரத்தச் சர்க்கரையும் சிறுநீரும் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. சிக்கலானால் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள உடுமலைப்பேட்டை அல்லது நாமக்கல் போகலாம். செல்லப் பிராணி மருத்துவர்கள் மதுரையிலும் கோவையிலும் இருக்கிறார்கள்.

காலம் முழுவதும் ஊசிதானா?
(இல்லத்தரசி, ஒட்டன்சத்திரம்)

அப்படி இல்லை, பூனைக்கு இருக்கும் நல்வாய்ப்பே இதுதான். நோய் தெரிந்த முதல் மாதங்களிலேயே இன்சுலினைச் சரியாகப் போட்டு, மாவை நிறுத்தி, எடையைக் குறைத்தால் கணையம் தேறிவிடும் பூனைகள் பல. அளவு படிப்படியாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் ஊசியே தேவைப்படாமல் போகும். நிறுத்தும் முடிவை உங்கள் குறிப்பேட்டை வைத்து டாக்டர்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் எண் நன்றாக வந்தது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நின்ற பிறகும் வாரம் ஒரு முறை காதில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள், நோய் திரும்பக்கூடும். ஊசி நிற்கலாம், பால்சோறு மட்டும் திரும்ப வரவே கூடாது.