கெலவரப்பள்ளித் துறைமுகம்

பாய்மரப் படகில் பசிபிக்கைக் கடப்பவர்கள் மார்க்கேசாஸ் தீவுகளில் ஒதுங்கி, தண்ணீரும் வாழைத்தாரும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஓசூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஜிபிஎஸ் வருமுன் அப்படியொரு தீவைப் பிடிக்கத் துல்லியமான கடிகாரம் வேண்டும். 4 நிமிடம் பிசகினால் தீர்க்கரேகை ஒரு பாகை தள்ளிப்போகும். நிலநடுக்கோட்டில் அது சுமார் 111 கிலோமீட்டர். டைட்டன் கடிகாரம் செய்கிற ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். இங்கே ஷிப்ட் பஸ்ஸை 4 நிமிடத்தில் விட்டவர்களுக்கு அரைநாள் கூலியே கரை காணாமல் போகும்.

கடல்தான் இல்லையே தவிர, நுரைக்குக் குறைவில்லை. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் வாரிக்கொண்டு, எந்தச் சோதனைச்சாவடியிலும் நிற்காமல் (அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கும் லாரிக்காரர்கள் பொறாமைப்படட்டும்) எல்லை தாண்டி வந்து கெலவரப்பள்ளி அணையில் இளைப்பாறுகிறது. மதகைத் திறந்தால் வெண்ணுரை பொங்கி எழும். படத்தில் பார்த்தால் எந்தத் தீவுக் கடற்கரையும் தோற்றுவிடும். நேரில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

மாலுமிகள் யாராவது வழிதவறி வந்தால் இங்கே குடிதண்ணீர் நிரப்ப வேண்டாம். நாங்கள் இதைப் பயிருக்குத்தான் பாய்ச்சுகிறோம்.