வியர்வைக்கு ஒரு சட்டை

நாற்பத்து நான்கு வயதில் சிலம்பம் பழகப் போனவனைக் கம்பு படுத்தியது இருக்கட்டும், அதைவிடச் சட்டைதான் அதிகம் படுத்தியது.

கோடை விடுமுறையில் மகளைச் சிலம்ப வகுப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு, திடலோரப் புங்கமர நிழலில் வண்டிமேல் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. மூன்றாம் நாள் வாத்தியார் என்னைப் பார்த்தார். குறிப்பாக என் வயிற்றைப் பார்த்தார். "சும்மாதானே சார் உக்காந்திருக்கீங்க, ரெண்டு சுவடு வச்சுப் பாருங்களேன்" என்றார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எழுந்துவிட்டேன்.

பெரம்பலூரின் மே மாதத்தில் காலை ஏழு மணி என்பது பெயருக்குத்தான் காலை. பத்தாவது நிமிடத்தில் பருத்திச் சட்டை முதுகோடு ஒட்டியது. இருபதாவது நிமிடத்தில் கையைத் தூக்கினால் சட்டை அக்குளில் பிடித்துக் கீழே இழுத்தது. நான் கம்பு சுற்றுகிறேனா, சட்டையோடு மல்லுக்கு நிற்கிறேனா என்று பார்த்தவர்களுக்குக் குழப்பம். வீட்டுக்கு வந்து கழற்றிப் பிழிந்தேன். மனைவி வாளியை எட்டிப் பார்த்து, "குழாயில தண்ணி வராத அன்னிக்கு மறக்காம வகுப்புக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.

வாத்தியாருக்கு இந்தத் தொல்லை கிடையாது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, இடுப்பில் துண்டை இறுக்கி, வெற்றுடம்போடு இறங்கிவிடுவார். வியர்வை காய்வதற்கு வெறுந்தோலை மிஞ்சிய துணி இன்னும் நெய்யப்படவில்லை. ஆனால் அந்த உடம்பைத் திறந்துகாட்டலாம். என்னுடையதைத் திறந்துகாட்டினால் பிள்ளைகள் சுவடு மறந்துவிடுவார்கள்.

எனவே பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். "வியர்வை நிக்காத சட்டை வேணும்" என்றேன். கடைப்பையன் என் தலையிலிருந்து கால்வரை ஒரு நோட்டம் விட்டு, "விக்கிங்தான சார்?" என்றான். என் முன்தலை காலியாகிப் பத்து வருடமாகிறது. "தலைக்கு ஒண்ணும் வேணாம் தம்பி, உடம்புக்குப் போதும்" என்றேன். அவன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு விக்கிங் என்றால் என்னவென்று அவனே பாடம் எடுத்தான். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றுகிற மாதிரி, இந்தத் துணி வியர்வையைத் தோலிலிருந்து இழுத்து வெளிப்பக்கம் பரப்பிவிடுமாம். ஊரில் இதற்கு ஒரே பெயர்தான், டிரை-ஃபிட். அதற்குள் டாட் நிட், ரைஸ் நிட், தேன்கூடு என்று உட்பிரிவுகள் ஜாதகக் கட்டம்போல விரிந்தன. "எத்தன ஜிஎஸ்எம் பாக்குறீங்க?" என்றான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கும் என்கிற கணக்கு அது. நான் கௌரவத்தை விடாமல், "மீடியமா" என்றேன்.

அவன் சொன்னது வியாபாரப் பேச்சு மட்டுமில்லை. சாதாரணக் காற்றில் தொங்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் எட்டரை சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். பாலியஸ்டருக்கு அரை சதவீதம்கூடத் தேறாது. பருத்தி வியர்வையை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிற சாதி. பாலியஸ்டர் வாசலோடு பேசி அனுப்பிவிடும். இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துகளில் ஊர்ந்து வியர்வை அகலமாகப் பரவுகிறது, பரவியது சீக்கிரம் ஆவியாகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் மூக்கு நுனியிலிருந்து சொட்டுவதெல்லாம் வெறும் நஷ்டக்கணக்கு. புழுக்கத்தில் காற்றே ஈரமாக இருந்தால் எந்தச் சட்டையும் கைவிரித்துவிடும். அந்த வகையில் கடலோரத்துப் புழுக்கத்தைவிட எங்கள் வறண்ட வெயில் கொஞ்சம் நியாயமானது.

கறுப்பில் ஒன்று வாங்கினேன், தொப்பை தெரியாது என்று கடைப்பையன் வாக்குக் கொடுத்ததால். வீட்டில் அப்பா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இது, பாம்புச் சட்ட மாதிரி வழுக்குது?"

"பாலியஸ்டர்ப்பா."

"தண்ணி பாட்டில் செய்யிற பிளாஸ்டிக்குதான? பருத்தி வெதச்சவன் பெத்த புள்ள பாட்டில மாட்டிக்கிட்டுத் திரியிறியா?"

அவர் கோபத்தில் ஞாயம் உண்டு. தமிழ்நாட்டில் பருத்தி அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் ஒன்று. கரிசல் காட்டில் ஆவணியில் விதைத்து, வானத்தைப் பார்த்து, தையில் வெடித்த பஞ்சை எடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். பாட்டில் விஷயத்திலும் அவர் சொன்னது வேதியியல்படி சரி, இரண்டும் ஒரே பொருள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீல மேல்சட்டை, பழைய தண்ணீர் பாட்டில்களிலிருந்து எடுத்த நூலில் ஆனது. அதற்குத் துணி போனது கரூரிலிருந்து. கரூரும் நாங்களும் 1995-ல் ஒன்றாகத் திருச்சியிலிருந்து தனிக்குடித்தனம் வந்த பங்காளிகள். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "அவரு கம்பு சுத்துறாரா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "டிரங்குப் பெட்டியில ஒரு டெரிலின் சட்ட இருக்கே, அது எந்தக் காட்டுல வெளஞ்சதாம்?"

அப்பா வாயை மூடிக்கொண்டார். 1974-ல் கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. கசங்காது, துவைத்தால் அரைமணியில் காயும் என்று அக்கம்பக்கத்தில் மூன்று மாப்பிள்ளைகளுக்கு இரவல் போயிருக்கிறதாம். டெரிலினும் பாலியஸ்டர்தான். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தது. இருவரும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது பருத்தித் துணியில் அச்சடிக்கிற நிறுவனத்தில்! எங்கள் வீட்டிலும் துரோகம் என் தலைமுறையில் தொடங்கவில்லை என்று தெரிந்து எனக்குத் தெம்பு வந்தது.

ஆபீசில் வேறு மாதிரி ஆலோசனை. என் வேலை அரியலூரில். தினமும் சுமார் 30 கிலோமீட்டர் பஸ். பக்கத்து நாற்காலி நண்பர், "ரெண்டும் வேணாம், பாதிக்குப் பாதி கலந்தது வாங்குங்க" என்றார். அரியலூர்க்காரர் கலப்பைப் பற்றிச் சொல்லலாமா? 2001-ல் தனி மாவட்டமாகப் பெரம்பலூரிலிருந்து பிரிந்தார்கள், 2002-ல் மறுபடி சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ஆனாலும் வாங்கிப் பார்த்தேன். பருத்தியைப் போல நனைந்தது, பாலியஸ்டரைப் போல நாறியது.

நாற்றம் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. பாலியஸ்டர் தண்ணீரை ஒதுக்கும், உடம்பு எண்ணெயை ஒதுக்காது. அந்த எண்ணெயில் கிருமிகள் குடும்பம் நடத்தும். வாசனைக்கு ஆசைப்பட்டு, துணியை மெத்தென்றாக்கும் நீலத் திரவத்தில் நான்கு முறை ஊறவைத்தேன். அது இழைமேல் படிந்து சந்துகளை அடைத்துவிட்டது. சட்டை ரோஜா மணத்தோடு முதுகில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. இப்போது வீட்டுக்கு வந்தவுடன் வெறும் சோப்பு, பச்சைத் தண்ணீர், கொடி. அவ்வளவுதான்.

திடலின் மறுமூலையில் கராத்தே வகுப்பு நடக்கிறது. அவர்களைப் பார்க்கும்போது என் குறைகள் சிறுத்துவிடும். ஜூடோ உடையைப் பார்த்து எடுத்துக்கொண்ட கெட்டிப் பருத்திச் சட்டை, முழங்கையைத் தாண்டி நீளும் கை, இடுப்பில் பெல்ட். உலகக் கராத்தே சம்மேளனப் போட்டிகளில் பெண்கள் உள்ளே வெள்ளை டி-ஷர்ட் போட்டுக்கொள்ள இடமுண்டு. அதாவது வெயிலில் இன்னொரு அடுக்கு. அந்தப் பிள்ளைகள் வகுப்பு முடிந்து தண்ணீர்க் குழாயடிக்கு ஓடுவதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

கறுப்புச் சட்டைக்கு இரண்டு குணம் பிறகுதான் தெரிந்தது. காய்ந்ததும் நெஞ்சில் வெள்ளைவெள்ளையாக உப்புக் கோடு பூக்கும். அதோடு ஒருநாள் ஆபீசுக்கே போய்விட்டேன். நண்பர் உற்றுப் பார்த்து, "நம்ம ஊரு பழைய கடல் சார், விட்ட எடத்துலேருந்து திரும்ப வருது" என்றார். டைனோசர் காலத்தில் அரியலூர் கடலடியில் கிடந்த பூமிதான். அந்தச் சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன, சுருள் சுருளான அம்மோனைட் புதைபடிவங்களும் அங்கேதான் கிடைக்கின்றன. என்னையும் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்று ஆபீசில் ஏகமனதாக முடிவானது.

இரண்டாவது குணம் இன்னும் மோசம். தொடுமுறைப் பயிற்சியில் வாத்தியார் கம்பு நுனியில் சுண்ணாம்பு தடவிக் கொடுப்பார். பட்ட இடத்தில் பொட்டு விழும், பொட்டை எண்ணினால் வெற்றி தோல்வி தெரியும். வெள்ளைச் சட்டையாக இருந்தால் நான் வாதாடிப் பார்த்திருப்பேன். கறுப்பில் பதினொரு பொட்டு, பளிச்சென்று. போட்டவள் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள். "அப்பா, நீ சட்டையப் பத்தி யோசிக்கிற நேரத்துல கம்பப் பாக்கலாம்ல?" என்றாள்.

தை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொடியில் சட்டையைக் காணோம். பீரோ, சலவைக் கூடை, மகள் அறை எல்லாம் தேடியாயிற்று. மனைவிக்கும் தெரியவில்லை. பழைய பனியனைப் போட்டுக்கொண்டு வகுப்பை முடித்தேன். வருகிற வழியில், பருத்தி எடுப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கக் காட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

வெடித்து வெள்ளையாய்க் கிடந்த காட்டின் நடுவில், இடுப்பில் மடி கட்டிக்கொண்டு ஒரு கறுப்புச் சட்டை குனிந்து பஞ்செடுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்தார்.

"இதுல இன்னொண்ணு எடுத்துட்டு வந்துடு. இவ்ளோ தொளதொளன்னு வேணாம், என் அளவுக்குப் பாரு."