ஏலியன் நகரியம்

டவுன்ஷிப் என்றால் எனக்குத் தெரிந்தது நெய்வேலி ஒன்றுதான். 34 வருஷம் அந்த நகரியத்தில் குப்பை கொட்டியவன். வட்டத்துக்கு ஒரு எண், வாசலில் வேம்பு, கொல்லையில் பலா, ரிட்டயர் ஆனதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு. அதனால், நியூஜெர்சியில் வெஸ்ட் விண்ட்சர் டவுன்ஷிப்பில் வீடு வாங்கியிருப்பதாகப் பையன் ஃபோனில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி: "குவார்ட்டர்ஸை எப்படிப்பா வித்தாங்க?"

போய் இறங்கிய பிறகுதான் விளங்கியது. அங்கே டவுன்ஷிப் என்பது கம்பெனி கட்டிய குடியிருப்பு அல்ல, நம் பேரூராட்சி, ஊராட்சி மாதிரி ஓர் உள்ளாட்சி. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நியூஜெர்சியில் 564 உள்ளாட்சிகள். சிட்டி, டவுன், பரோ, வில்லேஜ், டவுன்ஷிப் என்று அதில் ஐந்து வகை. இத்தனை ஊருக்கும் படியளப்பது யார் என்றால் வீட்டுக்காரர்கள்தான். அமெரிக்காவிலேயே வீட்டுவரி அதிகமான மாநிலம் இது. பையன் கட்டும் வரியை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. "பெருக்காதேன்னு எத்தனை தடவைப்பா சொல்றது" என்றான்.

ஊரின் பூர்வீகம் சுவையானது. விண்ட்சர் என்று ஒரே ஊராக இருந்ததை 1797இல் கிழக்கு, மேற்கு என்று பாகம் பிரித்துவிட்டார்கள். 1838இல் மேற்கு விண்ட்சரின் ஒரு துண்டையும் வாங்கிக்கொண்டு பிரின்ஸ்டன் தனிக்குடித்தனம் போனது. தனிக்குடித்தனம் போன பிள்ளைதான் பேர் வாங்கியது: பல்கலைக்கழகம், ஐன்ஸ்டைன், எல்லாம் அந்தப் பக்கம். தாய் ஊருக்கு மிஞ்சியது ரயில்வே ஸ்டேஷன். ஆனால் அந்த ஸ்டேஷனுக்கும் பிரின்ஸ்டன் ஜங்ஷன் என்றுதான் பெயர், தபால் விலாசமும் அதுவே. கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கிவிட்டுச் சென்னை என்று சொல்வதில்லையா? என் மனைவி சொந்தக்காரர்களிடம் 'ஜங்ஷன்' என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டுப் பேசினாள். ஜங்ஷனிலிருந்து பிரின்ஸ்டனுக்கு 'டிங்கி' என்று ஒரு குட்டி ரயில் உண்டு. மூன்று மைல்கூட இல்லை, ஐந்து நிமிஷம். கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

எனக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. காலையில் நடை, மாலையில் நடை. வழியில் வருகிற முன்பின் தெரியாதவர்களெல்லாம் கை ஆட்டுகிறார்கள். முதல் வாரம் ஒவ்வொருவரையும் எங்கே பார்த்தோம் என்று யோசித்து மண்டை காய்ந்தது. பெரிய சோதனை ஜீப்ரா கிராசிங்தான். அதில் கால் வைத்தால் கார் நின்றாக வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். அது தெரியாமல் ஒருநாள் ஓரத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கார்கள் நின்றுவிட்டன. எனக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேலையும் இல்லை. ஆனால் எனக்காக நிற்கிறார்களே என்ற மரியாதைக்குக் கடந்தேன். வீட்டுக்குத் திரும்ப மறுபடி இரண்டு கார்களை நிறுத்த வேண்டியிருந்தது. அதில் ஒன்று முதல் தடவை நின்ற அதே கார் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

சாயங்காலம் பூங்கா பெஞ்சில் எங்கள் சங்கம் கூடும். மே மாதம் இறங்கி அக்டோபரில் விமானம் ஏறும் அப்பா அம்மாக்கள். தெலுங்கு, குஜராத்தி, மராத்தி, தமிழ் எல்லாம் உண்டு. முழங்கால் வலிதான் பொதுமொழி. எங்களைச் சுற்றிக் கனடா வாத்துகள் மேயும். அவை குளிருக்குத் தெற்கே பறந்து போக வேண்டிய பறவைகள். இங்கே புல்லும் குளமும் பார்த்துவிட்டு, போகாமலே தங்கிவிட்ட கூட்டம் நிறைய. நமக்கு ஆறு மாதம் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும். வாத்தை யார் கேட்பது?

ஒரு தடவை பையனோடு நகரசபைக் கூட்டத்துக்கும் போனேன். நெய்வேலியில் நமக்கு மேயரும் கிடையாது, சபையும் கிடையாது, எது என்றாலும் டவுன் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு ஒரு மனு. இங்கே யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் வந்து பேசலாம், நேரம் மட்டும் அளந்து கொடுக்கிறார்கள். ஒரு அம்மாள் தன் தெருவில் நடைபாதை பாதியில் நிற்பதைப் பற்றிப் பேசினார். மணி அடித்ததும் வாக்கியத்தை அப்படியே நடுவில் விட்டுவிட்டு, நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். நடைபாதைக்கும் பேச்சுக்கும் நல்ல பொருத்தம்.

பள்ளிக்கூடத்து விவகாரம் தனிப் புராணம். பிள்ளைகளுக்கு மன அழுத்தம் கூடிவிட்டது என்று பள்ளி மாவட்டம் சில வருஷங்களுக்கு முன்பு 'வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள்' கொண்டுவந்தது. பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். அதில் நம்மவர்கள் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் பேத்திக்கு அந்த இரவுகளில் அவள் அம்மா கணக்குப் போட வைத்தாள். "இது வீட்டுப்பாடம் இல்லை மாமா, வீட்ல சும்மா போடற பாடம்" என்று எனக்கு விளக்கமும் சொன்னாள்.

ஆனால் இந்த ஊரை உலக வரைபடத்தில் ஏற்றியது இதெல்லாம் இல்லை. வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் குரோவர்ஸ் மில் என்று ஒரு பகுதி. பழைய மாவு மில்லும் குளமும் இருந்த இடம். 1938 அக்டோபர் 30ஆம் தேதி இரவு செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் பூமியில் முதன்முதலாக இறங்கியது இங்கேதான். ரேடியோவில். ஆர்சன் வெல்ஸ் என்ற 23 வயதுப் பையன், எச்.ஜி. வெல்ஸின் நாவலைச் செய்தி அறிக்கை மாதிரியே நாடகமாக்கி ஒலிபரப்பினார். எழுதிக் கொடுத்தவர் ஹோவர்ட் காக். எந்த ஊரில் இறக்குவது என்று தெரியாமல் நியூஜெர்சி வரைபடத்தை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்தாராம். பட்ட இடம் குரோவர்ஸ் மில். பெயர் பிடித்துப்போய்விட்டது. பிரின்ஸ்டன் பக்கத்தில் இருந்ததால் நாடகத்தில் ஒரு வானியல் பேராசிரியரை நுழைக்கவும் வசதியாக இருந்தது. தனிக்குடித்தனம் போன பிள்ளை தாய்க்குச் செய்த ஒரே உபகாரம்.

நடுவிலிருந்து கேட்டவர்களில் சிலர் நிஜமென்று நம்பிப் பயந்தார்கள். நாடே அலறி ஓடியது என்று பத்திரிகைகள் எழுதியது கண்ணும் மூக்கும் வைத்த கதை என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உள்ளூரில் யாரோ தண்ணீர்த் தொட்டியைச் செவ்வாய் இயந்திரம் என்று நினைத்துச் சுட்டதாக ஒரு கதை உண்டு. உயரமான கால்கள், மேலே பெரிய தலை, இருட்டு. சுட்டவர் மீது எனக்குக் குறை இல்லை. துப்பாக்கியோடு காவல் நிற்கும் முதியவரின் புகழ்பெற்ற படம்கூட, பத்திரிகைக்காரர்கள் பிறகு நிற்கவைத்து எடுத்ததுதான். 50ஆம் ஆண்டான 1988இல் அங்கே வான் நெஸ்ட் பூங்காவில் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். நடக்காத படையெடுப்புக்கு வெண்கலத்தில் நினைவுச்சின்னம்!

அதன் முன்னால் நின்று நான் இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தபோது பையன் மெதுவாகச் சொன்னான், "அப்பா, எங்க வருமான வரி விதியில என்னை என்னன்னு போட்டிருக்கு தெரியுமா? ரெசிடென்ட் ஏலியன்." அப்படியானால் நான்? "நீங்க அதுக்கும் கீழப்பா. நான்-ரெசிடென்ட் ஏலியன்." சுற்றுமுற்றும் பார்த்தேன். ஊரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஆசியக் குடும்பங்கள். 2017இல் இந்த ஊர் மேயராகத் தேர்ந்தெடுத்த ஹேமந்த் மராத்தே இந்தியாவில் பிறந்தவர். தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை. ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லாமல், பொறியியல் பட்டத்தோடு இறங்கியிருக்கிறோம்.

நினைவுச்சின்னத்தோடு ஒரு படம் எடுத்து, நெய்வேலி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் விவரத்தோடு போட்டேன். ஏழு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் இனிய காலை வணக்கம் என்றார், அங்கே ராத்திரி பதினொன்று. நில எடுப்புப் பிரிவிலேயே காலம் கழித்த நண்பர் மட்டும் தீவிரமாகக் கேட்டார்: "பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு குடுத்தாங்களா?" மற்றவர்களுக்கு 'சாப்பிட்டாச்சா' மாதிரி, அவருக்கு அந்தக் கேள்வி.

பேத்தியிடம் சொல்லி இணையத்தில் தேடினேன். ஒருவர் ஷூ வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசில் 3.25 டாலர் எடுத்து டிக்கெட் வாங்கித் தப்பித்து ஓடியிருக்கிறார். அறுபது மைல் போன பிறகுதான் நாடகம் என்று தெரிந்திருக்கிறது. கறுப்பு ஷூ ஒரு ஜோடி அனுப்பி வைக்கும்படி, அளவும் குறிப்பிட்டு, கடிதம் எழுதியிருக்கிறார். பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹாட்லி கான்ட்ரில் 1940இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அது பதிவாகியிருக்கிறது.

அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. 'டைப்பிங்' என்று வெகுநேரம் காட்டியது. கடைசியில் வந்தது:

"வெறும் லெட்டர் போட்டா எப்படி? டிக்கெட் ஒரிஜினலை இணைச்சாரான்னு கேளு."