கேட்டுக் கொண்டியின் மாண்பு: கொங்கு நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

கதவு தட்டும் கருவிகளை ஆராய்ந்த அறிஞர் பெருமக்கள் கோயமுத்தூர்ப் பக்கம் எட்டிப் பார்க்காமலே முடிவுரை எழுதிவிட்டார்கள். இத்துறையின் பெருங்குறை இதுவே. இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயக் கதவில் வளையத்தைக் கவ்வி நின்ற 12-ஆம் நூற்றாண்டு அரக்க முகத்தைக் கண்டதுமே மெய்மறந்துவிடுகிறார்கள். கொலை செய்துவிட்டு ஓடி வந்து அதைத் தட்டியவனுக்கும் அந்தக் காலத்தில் அங்கே 37 நாள் அடைக்கலம் இருந்ததாம். ஈரானின் யஸ்த் நகரத்துப் பழைய கதவுகளில் ஆண்களுக்குக் கனத்த தண்டு, பெண்களுக்கு மெல்லிய வளையம். ஓசையை வைத்தே யார் போய்த் திறப்பது என்று உள்ளே முடிவு செய்வார்கள்.

நம் பக்கம் இந்தத் தொல்லை இல்லை. அந்தக் காலத்தில், நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடுகளில் பகலில் கதவைச் சாத்தும் வழக்கமே கிடையாது. வந்தவர் வாசலில் நின்று, "ஏனுங்க, ஊட்ல ஆருங்க?" என்று ஒரு குரல் கொடுப்பார். அத்தோடு சரி. கதவிலிருந்த இரும்பு வளையம் இழுத்துச் சாத்துவதற்கு. ராத்திரி வேளையில் மட்டும் அதற்குத் தட்டும் பணி கூடுதல் பொறுப்பாக அளிக்கப்பட்டிருந்தது.

பிறகு மின்சாரம் வந்தது; காலிங்பெல்லும் வந்தது. 1831-இல் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி மணியை மின்சாரத்தால் அடித்துக் காட்டியபோது, 2012-இல் கோவை பட்ட மின்வெட்டை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மோட்டார் பம்புக்குப் பேர்போன ஊரில் பட்டறைகளே முடங்கிக் கிடந்த நாட்களில், குருவிபோல் கூவும் பெல்லை அழுத்தி என்ன பயன்?

ஆய்வின் மையப் பொருளுக்கு வருவோம். இன்று வசதியுள்ளவர்கள் தேக்குக் கதவில் பித்தளைச் சிங்கம் பதிக்கிறார்கள். பிடரி சுருள்சுருளாக, வாயில் வளையம். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குகிறார்கள். பிடரியின் இடுக்கில் புளிச்சக்கை பச்சை பூத்து நிற்கும். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் இரும்பு கிரில், அதற்கும் முன்னால் பூட்டிய கேட். சிங்கத்தைத் தட்ட வேண்டுமானால் முதலில் உள்ளே போக வேண்டும். உள்ளே போய்விட்டால் எதற்குத் தட்டுவது?

ஆகவே கொங்கு மண்ணின் மெய்யான கதவு தட்டும் கருவி, கேட்டுக் கொண்டியே என்று இக்கட்டுரை நிறுவுகிறது. அதன் ஒலி இலக்கணம் நுட்பமானது. 'டங், டங்' என்று இரண்டே தட்டு, உடனே வண்டியின் உறுமல்: கூரியர். பூட்டைத் தூக்கி இரும்பில் போட்டால் கேஸ் சிலிண்டர். ஒரே தட்டு, பின்னாலேயே தொண்டைச் செருமல்: கோயில் நோம்பி வரி வசூல். இந்த ஒலிக்கு உள்ளே டிவி சத்தம் சட்டென்று குறைவதைக் கவனித்திருக்கிறேன். விடாமல் ஆட்டினால் சொந்தக்காரர்கள். காப்பிக்குப் பால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே திறப்பது மரபு.

இனிச் சிங்கம் வாங்குவோர் அதைக் கேட்டுக்கு வெளியே மாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். கொண்டிக்கு மட்டும் தயவுசெய்து பெயிண்ட் அப்பிவிடாதீர்கள், சத்தம் மட்டுப்பட்டுவிடும்.