துரையின் கருணை

சேர் பொன்னம்பலம் இராமநாதன் துரைக்கு மட்டக்களப்பு வந்தாறுமூலைக்காரர் நாங்கள் இன்றுவரை நன்றி சொன்னதில்லை. எங்களுக்காக மனுசன் என்ன பாடுபட்டிருக்கிறார்!

1915 கலவரத்துக்குப் பிறகு, நீர்மூழ்கிகளுக்கு அஞ்சாமல் லண்டன் போய்ச் சிங்களவருக்காக முறையிட்டதையும், திரும்பியவரை அவர்களே வண்டியில் வைத்து இழுத்ததையும் எல்லாரும் பாடுகிறார்கள். எண்பதை நெருங்கிய வயதில், 1930இல், அவர் செய்த பெரிய தொண்டைத்தான் யாரும் பாடுவதில்லை. வயதுவந்த எல்லாருக்கும் வாக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தது டொனமூர் ஆணைக்குழு. வேண்டவே வேண்டாம் என்று குடியேற்றநாட்டு மந்திரி பாஸ்ஃபீல்ட் பிரபுவுக்கு விண்ணப்பம் எழுதினார் துரை. பெண்களுக்கும் வேண்டாம், தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் வேண்டாம்.

எவ்வளவு இரக்கம்! களவெட்டியில் சூடு மிதிக்கிற வயற்கூலியான முல்லைக்காரனை இழுத்துப்போய் வாக்குச்சாவடியில் நிறுத்துவதா? அவன் முன்னுக்கு நின்றால் பின்னால் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் வெயிலில் காய்வதா? எழுத்தறியாதவர்களுக்காக வேட்பாளருக்கொரு நிறத்தில் பெட்டி வேறு வைத்தார்கள். கதிரின் நிறத்தைப் பார்த்து வெட்டுநாள் குறிக்கிறவனுக்குச் சிவப்பும் பச்சையும் எங்கே விளங்கப்போகிறது?

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். 1913இல் அவர்களுக்கென்று கல்லூரி கட்டியவர் அவர். படிப்பையும் கொடுத்து வாக்கையும் கொடுத்தால் பாவம், ஒரு தலை எத்தனை சுமை தாங்கும்? 1911இல் அவரே வென்ற 'படித்த இலங்கையர்' ஆசனத்துக்கு முழுத் தீவிலும் ஏறக்குறைய மூவாயிரம் வாக்காளர்தான். அளவான சபை, அடக்கமான சனநாயகம்.

இங்கிலாந்தில் லிங்கன் தொகுதி உறுப்பினரான நிலக்கிழார் கேணல் சிப்தோர்ப், ரயிலையும் 1851இன் பளிங்கு மாளிகைக் கண்காட்சியையும் எதிர்த்துப் பேர் வாங்கினார். சின்ன ஆள். அவர் எதிர்த்தது இரும்பையும் கண்ணாடியையும். எங்கள் துரை மனிதரையே எதிர்த்தார்.

நல்லவேளையாக, 1931 தேர்தல் என்கிற அநியாயத்தைக் காணாமல் முந்தின நவம்பரிலேயே கண்ணை மூடிவிட்டார். அவர் பேச்சைக் கேளாததன் பலனை நாங்கள்தான் அனுபவிக்கிறோம். அந்த வாக்குகளை வாங்கிக்கொண்டு 1943இல் நல்லையா என்கிற ஆசிரியர் சட்டசபைக்குப் போனார். அடுத்த வருடம் ஜே. ஆர். ஜெயவர்த்தன சிங்களத்தை ஆட்சிமொழியாக்கப் பிரேரணை கொண்டுவந்தபோது, 'தமிழும்' என்று திருத்தம் வைத்தார். அது போதாதென்று வந்தாறுமூலைக்கு மத்திய கல்லூரி. 1981இல் அதே வளவில் பல்கலைக்கழகக் கல்லூரி; 1986இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகம். துரை சொன்னபடி நடந்திருந்தால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை.

இப்போது முல்லைக்காரரின் பேத்திமார் அங்கே ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வேளாண்மை வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிற போடியார்மார் ஒருநாளாவது துரையின் படத்துக்கு ஒரு மாலை போடலாம். அவர்களுக்காக அவ்வளவு தூரம் மெனக்கெட்டவர் வேறு யார்?